காதுக்குள் வெங்காயம்

மூன்றரை மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். நாலு மணிக்குக் குவைத்திலிருந்து என் மகன் லிங்கேஷ் கூப்பிடுவான். அவன் அம்மா இறந்து பத்து மாதம் ஆகிறது. லீவு கிடைக்காமல் காரியத்துக்கு வர முடியாமல் போனதிலிருந்து அவன் என்னோடு பேசவே இல்லை. பேச முகம் இல்லையாம். அவனோடு வேலை பார்க்கும் கடையநல்லூர் அப்சல் லீவில் வந்தபோது சொன்னான். "மாமா, வெள்ளிக்கிழமை ஒங்க மொகத்தப் பாத்துப் பேசணும்னுட்டான்." வீடியோவுக்கு வேண்டியதையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, லிங்கேஷ் கொடுத்தனுப்பியதாகக் குங்குமச் சிமிழ் மாதிரி ஒரு டப்பாவையும் கையில் வைத்துவிட்டுப் போனான். உள்ளே வயர் இல்லாத இயர்பட்ஸ் இரண்டு, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி படுத்திருந்தன. எனக்கு மகனிடம் கேட்க ஒன்றுதான் இருந்தது. தலைத் திவசத்துக்காவது வருவானா?

லேப்டாப் அவன் காலேஜ் காலத்தது. அதன் ஸ்பீக்கரை எலி தின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த எலி சுவர் ஓரமாக ஓடும்போதெல்லாம் சன்னமாகப் பாட்டுக் கேட்கும். நம்பாதவர்கள் பக்கத்துத் தறிக்கூடத்துச் சுமதியைக் கேட்கலாம். நம்புகிறவர்கள் கேட்க வேண்டாம். என் காதும் அந்த ஸ்பீக்கர் மாதிரிதான். நாற்பது வருஷம் விசைத்தறிகளுக்கு நடுவே நின்றதில், போனைக் காதில் வைத்தால் கொசு பாடுகிற அளவுக்குக்கூடக் கேட்காது. உள்ளேயே போய் உட்கார்ந்து கத்துகிற சாமான்தான் எனக்குச் சரி.

தறியில் பாவு நூல் மாட்டுவதற்கு நடுவில் சுமதி ஓடிவந்தாள். "மொதல்ல சாமான் நல்ல சாமானான்னு பாப்போம் அண்ணாச்சி" என்று அதைத் தன் போனோடு சேர்த்து, ஒரு சமையல் வீடியோவைப் போட்டாள்.

"கேக்குதா?"

"ஏட்டி, அந்தப் பொம்பள என் மண்டைக்குள்ள நின்னு வெங்காயம் நறுக்குதாளே."

"அப்ப நல்ல சாமான்தான்."

பிறகு அதைச் சேர்க்க லேப்டாப்பின் புளூடூத்தில் தேடினாள். எதிர்வீட்டு டிவி வந்தது. டீக்கடை ஸ்பீக்கர் வந்தது. கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸின் பாட்டுப் பெட்டிகூட நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கடைசியில்தான் நம்முடையது வந்தது. சுமதி அதை அமுக்கினாள். லேப்டாப் யோசித்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

"பழைய பெட்டி அண்ணாச்சி, மெதுவாத்தான் சேரும். நான் வேணா இருந்து, ஒண்ண என் காதுல மாட்டி, அவன் பேசுததக் கேட்டுச் சொல்லட்டா?"

"அவன் அழுதா, அத எப்படிட்டி சொல்லுவ?"

சுமதி போனை எடுத்துக்கொண்டு தறிக்குப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு லிங்கேஷ் வந்தான். இளைத்திருந்தான். முகம் பூராவும் தாடி. "அப்பா" என்றிருப்பான், தாடி அசைந்தது. என் காதுக்குள், "வெங்காயத்தப் பொன்னிறமா வதக்கிக்கோங்க" என்று கேட்டது.

அந்தச் சாமான் சுமதியின் போனை விட்டு இறங்கவே இல்லை. லேப்டாப்போடு சேரவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள், அந்தச் சமையல் வீடியோவைத் திரும்பப் போட்டு, போனில் சத்தம் வரவில்லை என்று தட்டிக்கொண்டிருந்தாளாம். எனக்கு அது எப்படித் தெரியும்? அவளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே வந்து சேரவில்லை.

தறிக்கூடத்துக்காரன் காதை நம்பிப் பிழைத்தவன் இல்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவோம். ஆனால் அவனுக்கு உதடு எங்கே இருக்கிறது? தாடிதான் ஏறி இறங்கியது. அவன் நிறுத்தியபோதெல்லாம் தலையாட்டினேன். எதற்கெல்லாம் சம்மதித்தேனோ, தெரியாது. தெருவில் எலி பாடுகிற மாதிரி என் பொய்க்கெல்லாம் ஆள் கூட்டம் கூடும். என் மகன் உண்மை பேசும்போது கேட்க நான் ஒருவன்கூட அங்கே இல்லை.

"ஏலே, திவசத்துக்கு வாரியா?" என்று கத்தினேன்.

அது அவனுக்குக் கேட்டுவிட்டது. குனிந்தான். பிறகு நிமிர்ந்து பதில் சொன்னான். நீளமான பதில். நடுவில் கண்ணைத் துடைத்தான். "இப்ப தேவையான அளவு உப்பு" என்றாள் அந்தப் பொம்பளை. அவன் முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். வருகிறேன் என்றானா, இனிமேல் வரவே மாட்டேன் என்றானா? இதற்குத் தலையாட்டினால் என்ன ஆகும், ஆட்டாவிட்டால் என்ன ஆகும்?

கையைத் தூக்கிக் காதில் வைத்து, விரலை விரித்து உதறினேன். கேட்கவில்லை என்பதற்குத் தறிக்கூடத்துச் சாடை அது. சின்ன வயசில் எங்களுக்கு டீத் தூக்கு கொண்டுவந்து இந்தச் சாடையெல்லாம் பழகியவன்தான் அவனும்.

லிங்கேஷ் வாயை மூடினான். பிறகு அஞ்சு விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்தினான். சாப்பிட்டாச்சா?

அப்படியே படம் நின்றுவிட்டது. அவன் முகத்துக்கு மேல் ஒரு வட்டம் சுற்றியது.

நான் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினேன். சாப்பிட்டாச்சு என்று அர்த்தம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, அது வேறு விஷயம். போய்ச் சேர்ந்ததோ என்னவோ என்று மறுபடியும் தட்டினேன். அவன் விரல்கள் குவிந்தபடி வாயருகிலேயே நின்றன. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"அவ்வளவுதான், சூடா எறக்கிப் பரிமாறுங்க" என்றாள் காதுக்குள்.