கெளுத்தி முள்

விஜயராஜுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஏதாவது பாக்கி இருந்தால், அதை அவர் மனைவி எப்சிபா இன்னும் கண்டுபிடிக்கவில்லை. சங்கரன்கோவிலில் ஒரு சின்ன ஜவுளிக்கடை. ஞாயிறுதோறும் ஆலயத்தில் கீபோர்டு. இந்த இரண்டை வைத்துக்கொண்டு மனுஷர் டாக்டருக்கே பாடம் எடுப்பார்.

கரிவலம்வந்தநல்லூர்க் குளத்தில் மீன் பிடிக்கிறார்கள் என்றால் போதும், கடையைச் சாத்திவிட்டு பைக்கை முறுக்குவார். உயிரோடு துள்ளும் மீனைத் தன் கையாலேயே பொறுக்கி வந்து தானே ஆய்வார். இந்த முறை ஒரு கெளுத்தி அவருடைய வலது ஆள்காட்டி விரலில் முள்ளை ஏற்றிவிட்டது. ரத்தம் சொட்டும் அதே விரலால் குடலை உருவிக்கொண்டிருந்தார்.

"கையக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. மீன் தோலுலயும் கொடல்லயும் கிருமி கெடக்கும்."

"ஏட்டி, செத்த மீன்லதான் கிருமி. துள்ளுத மீன்ல எங்கன இருக்கும்?" சிரித்துக்கொண்டே மஞ்சளை அப்பினார். வைத்தியம் முடிந்தது!

காயம் ஆறியதுபோல் ஆறி, சில வாரம் கழித்து அதே இடத்தில் கட்டியாகத் திரண்டது. சட்டைப் பொத்தான் போட முடியாமல் போன பிறகுதான் டாக்டரிடம் கிளம்பினார்.

"எப்படி ஆச்சு?"

"கடையில ஊசி குத்திட்டு, டாக்டர்."

பக்கத்தில் நின்ற எப்சிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மீன் முள் என்றால் பெண்டாட்டி ஜெயித்துவிடுவாளாம்! என்ன வீராப்பு! எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம், தானாக வந்து ஒப்புக்கொள்ளட்டும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஊசிக்குத்துக்குத் தந்த மாத்திரையை அவர் வேளை தவறாமல் விழுங்கினார். கட்டிகள் கை வழியே மேலே ஏறின. அந்த விரலால் கீபோர்டு கட்டையை அழுத்த முடியாமல் ஆலயத்தில் பாட்டு நொண்டியது. அவரோ ஸ்பீக்கர் சரியில்லை என்றார். அவளுக்கு உள்ளம் குளிர்ந்தது.

கடைசியில் டாக்டர் கட்டியைக் கீறிச் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"இது குளத்து மீன்ல இருக்குற கிருமி. இதுக்கு மருந்தே வேற. முதல்லயே மீன்னு சொல்லியிருந்தா விரலைக் காப்பாத்தியிருக்கலாம். இனி கிருமி போகும், விரல் மடங்காது. கீபோர்டை மறந்துடுங்க."

விஜயராஜ் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எப்சிபா பக்கம் திரும்பினார்.

"இவருதான் சொல்லல. உங்களுக்கும் தெரியாதாம்மா?"

அவள் வாய் திறப்பதற்குள் விஜயராஜ் முந்திக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியாது, டாக்டர். தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாளா?"

எப்சிபா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.