முன்மொழிபவர்: ஸ்ரீமதி ருக்மிணி

எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஏழு பேர். என் மாமனார் ராஜாராமன் தலைவர், மாமியார் ருக்மிணி பொருளாளர், மாமனாரின் தம்பி சேஷு செயலாளர். சேஷுவின் மனைவி, என் கணவர், நான் மூவரும் உறுப்பினர்கள். எல்லாரும் ஒரே குடும்பம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று வெளியாள் ஒருவரையும் போட்டிருந்தார்கள். அவர் என் அப்பா.

மாமனார் மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜை, அழைப்பு மணி, பச்சை மசிப் பேனா எல்லாம் அவருக்குப் பின்னாலேயே டெல்லி முனிர்காவில் சங்கத்துக்காகப் பிடித்த அறைக்கு வந்துவிட்டன. நல்ல கூட்டம் என்றால் அதன் நடவடிக்கைக் குறிப்பு முந்தின நாளே டைப் ஆகியிருக்க வேண்டும், கடைசியில் நன்றி சொன்னவர் பெயர் உட்பட.

சங்கம் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்று. ஆசியாட் விளையாட்டுக்காக டெல்லி முழுக்கக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த சமயம். கட்டிட வேலை நடக்கும் இடத்தில், தகரக் கொட்டகையில், கூலியாட்களின் குழந்தைகளுக்கு ஒரு காப்பகம். நான்தான் நடத்தினேன். சேலத்துப் பக்கமிருந்து வந்த அருக்காணி கைக்குழந்தையை என்னிடம் தந்துவிட்டுச் சாரம் ஏறுவாள். காப்பகம் வருவதற்கு முன் அதே குழந்தையின் காலில் கயிறு கட்டிச் செங்கல் அடுக்கோடு பிணைத்துவிட்டுப் போனவள். ஒருநாள் வீட்டுச் சாவி கொடுக்க வந்த மாமியார் அந்தத் தழும்பைப் பார்த்தார். அந்தக் காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மாமனாருக்கோ காப்பகம் அலுத்துவிட்டது. அடுத்த தவணை நிதி வந்ததும் அதை மூடிவிட்டு, குழந்தை நல ஆய்வு மையம் தொடங்கப் போவதாக அறிவித்தார். கருத்தரங்கு உண்டு, மேட்டடார் வேன் உண்டு. குழந்தைகள்தான் கிடையாது.

"மூக்கைத் தொடச்சு விடறதெல்லாம் ஆயா வேலைம்மா. நாம பாலிஸி லெவல்ல யோசிக்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் காபியில் உப்பைப் போட்டிருப்பேன். மாமியார் பக்கத்தில் நின்றதால் போடவில்லை.

நிதி தரும் ஐரோப்பிய அமைப்பிலிருந்து ஹெல்கா என்ற பெண்மணி வந்தாள். தலைவர் தேர்தலைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், தேர்வாகும் தலைவர் சொல்லும் திட்டத்துக்குத்தான் நிதி என்று சொல்லிவிட்டாள். பெண்கள் பங்கேற்பு, பெண்கள் பங்கேற்பு என்று அவள் ஓயாமல் சொன்னதால், தன் பெயரை மனைவியே முன்மொழிவதாக மாமனார் குறிப்பில் டைப் அடிக்க வைத்தார்.

"நான் கையைத் தூக்கினதும் எல்லாரும் தூக்குங்கோ. உங்கப்பாட்டயும் சொல்லி வை, தூங்கிடப் போறார்" என்றார் என்னிடம்.

கூட்டத்தில் மாமியார் எழுந்து நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மாமியார் தன் புருஷன் பெயரைச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. கூப்பிட்டால் 'ஏன்னா', மற்றவர்களிடம் 'இவர்'. குறிப்பில் கமா வரை சரிபார்த்த மேதை இதைக் கோட்டை விட்டுவிட்டார்.

"இவர்தான்" என்றார் மாமியார்.

ஹெல்காவுக்கு மொழிபெயர்த்தேன். அறையில் நான்கு ஆண்கள் இருந்தார்கள். "எவர்? பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்" என்றாள் அவள்.

"சொல்லேண்டி, ஒண்ணும் ஆயிடாது" என்று மாமனார் பல்லைக் கடித்தார். முகமெல்லாம் வியர்வை. மாமியார் வாயைத் திறந்ததுதான் தாமதம், அப்பாடா என்று கையைத் தூக்கிவிட்டார். சேஷு தூக்கினார், அவர் மனைவி தூக்கினார், என் கணவர் தூக்கினார், என் அப்பா திடுக்கிட்டு விழித்துத் தூக்கினார். பழக்க தோஷத்தில் நானும் தூக்கினேன்.

"வத்சலா" என்றார் மாமியார்.

அது என் பெயர்.

ஹெல்கா கைதட்டினாள். மருமகளைத் தலைவராக்க முதல் ஆளாகக் கை தூக்கிய மாமனாரை அவள் எந்த நாட்டிலும் பார்த்ததில்லையாம். எழுந்து போய் அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினாள். அவர் அசடு வழியச் சிரித்தார். டைப் அடித்த குறிப்பு மடங்கிச் சட்டைப் பைக்குள் போயிற்று. உங்கள் திட்டம் என்ன என்று என்னைக் கேட்டாள். காப்பகம்தான், இன்னும் இரண்டு இடத்தில் வேண்டும் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

சாயங்காலம் மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"அவர் பேரைச் சொல்ல வாய் வராமத்தானே அம்மா என் பேரைச் சொன்னேள்?"

"ரேஷன் கடையிலயும் கேஸ் ஆபீஸ்லயும் யார் பேரைச் சொல்றேன்னு நெனச்சே? ராஜாராமன், ராஜாராமன்னு தொண்டை கிழியக் கத்தினாத்தான் அந்த கேஸ்காரன் சிலிண்டரே தரான்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பட்டாணியை உரித்தேன்.

"ஆத்துக்கு ஒருத்தர் போறும்னு அடுத்த கூட்டத்துல தீர்மானம் போடு. அருக்காணியை உள்ள கொண்டு வா. நான் வெலகிக்கறேன், தொட்டில் ஆட்ட வரேன்."

"மத்தவாளும் போகணுமே! மாமாவை நீக்கணும்னு யாரும்மா முன்மொழிவா?"

"நான்தான்" என்றார் மாமியார், ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு. "பேரைச் சொல்லியே."