பஞ்சந்தாங்கி வம்சம்

வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்றில் காலை ஷிப்டுக்குப் பேர் வாசிக்கும்போது, பஞ்சந்தாங்கி என்ற பேருக்கு மட்டும் ஆறு குரல்கள் "இருக்கேன்" என்றன. வரிசையில் நின்றவள் ஒருத்திதான். சூப்பர்வைசர் சிவபிரகாஷ் முதல் வாரம் தலையைத் தூக்கிப் பார்த்தார்; அப்புறம் ஒரே ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போகப் பழகிவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள்தான் விடவில்லை. மில்லுக்கு ஏற்ற பேர் என்று 'பஞ்சுதாங்கி' ஆக்கிச் சிரித்தார்கள். அந்தப் பேரை வைத்த அம்மா, அவள் நடை பழகும் முன்னே போய்ச் சேர்ந்திருந்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்க ஆளில்லை. ஆறு மாசக் கர்ப்பத்தில், கீர்த்தனா என்று பேரை மாற்றிக்கொள்ள மனு எழுதிப் பையில் வைத்தாள்.

மனு பையில் இருந்த அன்று பேர் வாசித்தபோது குரல்கள் தயங்கித் தயங்கி வந்தன. சாப்பாட்டு நேரத்தில், கை கழுவும் குழாயடியில் நின்று, "யாரு நீங்கல்லாம்?" என்று கேட்டேவிட்டாள்.

"ஒன்னையப் பெத்தவ, தாயி," என்றது பக்கத்துக் குரல். அதற்குப் பின்னால் அவளைப் பெற்றவள், அவளையும் பெற்றவள் என்று ஐவரும் தங்கள் பேரும் ஊரும் பிறந்த மாசமும் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே பேர். மனுவின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தவள் கடைசிக் குரலில் பேனாவை நிறுத்தினாள். அந்தக் கடைசிக் குரல்காரிக்குப் பெற்றோர் வைத்த பேர் சின்னக்கண்ணு. தாது வருஷப் பஞ்சத்தில், எரியோட்டில் ஒரே பானைக் கஞ்சியை நாற்பது நாள் ஊருக்கே ஊற்றியிருக்கிறாள், பானை குறையவில்லை. பிழைத்த சனம் கூடி வைத்த பேர்தான் பஞ்சந்தாங்கி.

"அம்புட்டுப் பேருக்கும் ஊத்துனேன். எனக்குன்னு ஒரு வாய் அள்ளத் தோணல," என்றாள் அவள்.

மறுநாள் சிவபிரகாஷ் பேரை வாசித்ததும் யாரோ வழக்கம்போல் 'பஞ்சுதாங்கி' என்று சிரித்தார்கள். "பஞ்சு இல்ல, பஞ்சம். இன்னொருக்கா நல்லா வாசிங்க சார்," என்றாள். மிஷின் சத்தத்தையும் தாண்டி அது கேட்டது.

மகள் பிறந்தாள். என்ன பேர் வைக்க என்று கேட்ட கணவன் சுருளிவேலிடம், கொடுக்காமல் வைத்திருந்த மனுவைத் திருப்பிப் பின்பக்கத்தை நீட்டினாள். படித்து முடித்து, "வேற பேரு எதுக்கு?" என்றான் அவன். பேர் சூட்டிய அன்று எரியோட்டு மண்டபத்தில், முதல் பந்தியில் ஐந்து இலைகளை ஆளில்லாமல் விரித்தாள். சொந்தபந்தம் அந்த இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தது. நாலு இலைகள் பாயசத்தோடு மடிந்தன. ஓரத்து இலையில் மட்டும் சோறு விழ விழத் தீர்ந்தது. பரிமாறிய கருப்பணன் வாளியை வழித்துப் போட்டுவிட்டு, அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்:

"இன்னொரு அண்டா உலை வைங்கப்பா, ஆத்தா இன்னும் சாப்புடுது."