பட்டன் இல்லாத பியானோ

மரப் பியானோவில் ஸ்கேல் மாற்றும் பட்டன் கிடையாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு அது கேளம்பாக்கம் மண்டபத்தில், கிறிஸ்துமஸ் கேரல் தொடங்க அரை மணி இருக்கும்போதுதான் உறைத்தது.

முடிச்சூர் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவள் நான். எந்தப் பாட்டானாலும் என் விரல் சி மேஜரில்தான் நடக்கும். மீதியைப் பட்டன் பார்த்துக்கொள்ளும். இன்றைய பாட்டின் கடைசி வரிக்கு முன்னால் ஒரு ஜி செவன் கார்ட், பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு. அதில் ஐந்தாம் சுரத்தை அரைக்கட்டை ஏற்றி, ஒன்பதாவதை அரைக்கட்டை இறக்கி, வீட்டில் வாசித்து வாசித்து அப்பாவைப் படுத்தி எடுத்திருந்தேன். இங்கே கேரல் குழு பாடுவதோ இ ஃபிளாட்டில். அப்படியென்றால் அதே கார்ட் பி ஃபிளாட்டில் விழ வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

"முடியலன்னா சொல்லும்மா, மைனஸ் ட்ராக் போட்டுக்கலாம். போன்லயே கீது," என்றார் குழுவை நடத்தும் ஆரோன் அண்ணன். பதிவு செய்த இசை ஓட, நான் கை கட்டி நிற்பதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் டைம் குடுங்கண்ணா!"

தெரிந்த ஜி செவனையே வைத்துப் பார்த்தேன். இடது கையில் ஜி, எஃப். வலது கையில் பி, இ ஃபிளாட், ஏ ஃபிளாட். இடது கையை எடுத்துவிட்டு வலதை மட்டும் அழுத்தினேன். அட! இது வெறும் ஏ ஃபிளாட் மைனர் கார்ட். ஜி-க்கு அடுத்த கட்டையின் மைனர்! இதற்கா இத்தனை நேரம் பயந்து செத்தேன்?

பி ஃபிளாட்டுக்கு அடுத்த கட்டை பி. பி மைனர் சண்டே ஸ்கூல் வாண்டுகளுக்கே வருமே! இடது சுண்டு விரல் பி ஃபிளாட், பெருவிரல் ஏ ஃபிளாட். வலது பெருவிரல் டி, ஆள்காட்டி எஃப் ஷார்ப், சுண்டு விரல் பி. அழுத்தினேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"ட்ராக் வேணாம்ணா!"

பாட்டில் அந்த இடம் வந்தது. அடித்தேன். குழு மொத்தமும் வாயைத் திறந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தது, ஒருவரும் பாடவில்லை. ஆரோன் அண்ணன் கையும் அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"அண்ணா, கையை ஆட்டுங்க! கார்ட் சத்தம் அடங்கப் போகுது!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

கை இறங்கியது. எல்லாக் குரலும் இ ஃபிளாட்டில் ஒன்றாக வந்து விழுந்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மண்டபம் கைதட்டிக்கொண்டிருந்தது. ஆரோன் அண்ணன் அதைக் கண்டுகொள்ளாமல் நேரே பியானோவிடம் வந்தார்.

"இன்னொரு தபா அத்த அடிம்மா," என்றார்.