இருபது எண்ணும் வரை

காலை ஷிஃப்ட் தொடங்குமுன் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. தினம் ஒரு செக்‌ஷனுக்கு. நடத்துவது நான், ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் எச்.ஆர். ட்ரெயினி. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. அந்த டிகிரிக்குக் கிடைத்த வேலை இது: பெண்களை வரிசையில் நிறுத்தி, மூக்கால் இழுங்கள், வயிறு உப்பட்டும், பிடியுங்கள் என்று சொல்லி இருபது வரை எண்ணுவது. அதுவரை பிடிக்க முடியாதவர்கள் பெயருக்கு நேரே டிக் போடுவது.

முதல் வாரம் நான்கு பேருக்குப் போட்டேன். டாக்டரிடம் அனுப்புவார்கள் என்று நம்பி, அக்கறையாகவே போட்டேன். திங்கட்கிழமை அவர்கள் கார்டு வைத்தபோது கேட் திறக்கவில்லை. கான்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம். தூசியால் நுரையீரல் போயிற்று என்று நாளை யாரும் கேஸ் போட்டுவிடக் கூடாதே!

படப்பையில் எங்களுக்குப் பக்கத்து வீடு காவேரி அக்கா. ஆறு வருடமாக, பாகங்களைத் தேய்க்கும் கிரைண்டிங் செக்‌ஷனில் இருக்கிறாள். செவ்வாய் சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னா மேடம், நாளிக்கு எங்க செக்‌ஷனா?"

"ஆமாக்கா."

"பன்னெண்டு வரிக்கும் தாங்குவேன். அதுக்கு மேல நெஞ்சுக்குள்ள பூனை கத்துது."

"டாக்டரப் பாத்தியா?"

"பாத்தேன். தூசில நிக்காதன்றாரு. வேற எங்க நிக்கிறது, அவரு வூட்டு வாசல்லயா?" சிரித்தாள். சிரிப்பு இருமலாக முடிந்தது. "எம் பொண்ணு வர்ற வருசம் காலேஜ். உன்ன மாதிரி ஆவணும்னு சொல்லிகினு கீறா. இந்த வேலை போச்சுன்னா அவளும் என்ன மாதிரிதான். நீ வேகமா எண்ணுடி. சின்ன வயசுல வாய்ப்பாடு ஒப்பிப்பியே, அந்த ஸ்பீடு."

"எண்றேன்க்கா."

புதன்கிழமை இருபது பேர் நின்றார்கள். கழுத்தில் தொங்கிய மாஸ்க்குகள் ஒரு காலத்தில் வெள்ளை. இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஓட்டமாக எண்ணினேன். ஒன்பதில் பின்னால் குரல் கேட்டது. மேனேஜர் சங்கரநாராயணன், கையில் டீ.

"என்னம்மா, ட்ரெயின் புடிக்கணுமா? மூச்சுப் பயிற்சில அவசரம் கூடாது. மனசு அமைதியாகணும்ல? முதல்லேர்ந்து வா." செல்போனில் ஸ்டாப்வாட்சை எடுத்தார். "நம்பருக்கு ஒரு செகண்டு."

திரும்ப ஆரம்பித்தேன். காவேரி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டைத் தாண்டினாள். பதினைந்தில் உதடு கறுத்தது. பதினேழில் கண்ணில் நீர் கட்டியது. பதினெட்டில் உடைந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குடல் வாய்க்கு வருவதுபோல இருமினாள்.

பக்கத்தில் நின்றவர்களில் ஒருத்திகூடத் திரும்பவில்லை. அவர்களுக்கு இன்னும் இரண்டு எண் பாக்கி இருந்தது.

சார் அவளைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். எனக்கு அடுத்த மாதம் வேலை கன்ஃபர்மேஷன். பத்தொன்பது, இருபது என்று எண்ணி முடித்தேன். டிக் போட்டேன்.

பிறகு கம்பெனி எழுதிக் கொடுத்திருந்ததைப் படித்தேன்.

"மெதுவாக வெளியே விடுங்கள். மனம் லேசாவதை உணருங்கள்."

பத்தொன்பது பேர் விட்டார்கள்.