மிளகு வாங்க வந்த இத்தாலிக்காரர்

கெலிஓயாவில் பாயிஸாவின் மிளகு ஸ்டோரைத் தெரியாதவர் இல்லை. ஒரு பிடி அள்ளி முகர்ந்தாலே எந்த ஊர் மிளகு என்று சொல்லிவிடுவாள். ஆங்கிலம் என்றால் மட்டும் அவளுக்கு வாயடைத்துப் போகும். வங்கியிலோ பாடசாலைக் கூட்டத்திலோ யாராவது ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால், "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள்.

அன்றைக்கு இத்தாலியிலிருந்து ஒருவர் நேரடியாகவே மிளகு வாங்க வந்திருந்தார். அந்த ஓடர் கிடைத்தால் கொழும்புத் தரகரின் தயவில் நிற்க வேண்டியதில்லை. மிளகு காயவைக்கும் பன்னிரண்டு பெண்களுக்கும் வருஷம் முழுக்க வேலை இருக்கும். அதனால்தான் புருஷனின் தம்பி ஷிஹாபை வரச் சொல்லியிருந்தாள். கண்டியில் ஆங்கில டியூஷன் நடத்துபவன் அவன்.

"நாட்டுக்கு டொலர் வரணும்ண்டா இங்கிலீஷ் வேணும், மதினி. நீங்க ஒண்டும் பேச வாணாம். நான் பாத்துக்கொள்றேன்," என்றான்.

பார்த்துக்கொண்டான், பாவி! அரை மணித்தியாலம் மூச்சு விடாமல் பொழிந்து தள்ளினான். இத்தாலிக்காரர் கதிரை நுனியில் உட்கார்ந்து, "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பையை எடுத்தார். வாசலைத் தாண்டினால் ஓடரும் அவரோடு போய்விடும்.

அந்தத் தலையாட்டலை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று பாயிஸாவுக்குப் பட்டது. எங்கே? அட, அது அவளுடையதேதான்! இந்த மனுஷனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. வந்தது வரட்டும் என்று எழுந்து, வத்தேகம ஊர் மிளகில் ஒரு பிடி அள்ளி அவருடைய உள்ளங்கையில் போட்டாள்.

"ஸேர், ஸ்மோல் கார்டன். வத்தேகம. சன் ட்ரை, ஃபோர் டேஸ். நோ மிக்ஸ். ஸ்மெல்!"

அவர் முகர்ந்து பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"யூ ஸ்பீக்," என்றார், சொல்லைத் தேடித் தேடி. "ஹிம், டூ ஃபாஸ்ட். மை இங்கிலீஷ்... ஸ்மோல்."

"மை ஆல்ஸோ ஸ்மோல்!" என்ற பாயிஸாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இருவரும் சாக்குச் சாக்காகத் திறந்து, கடித்தும் முகர்ந்தும், பத்துச் சொல்லும் கைச்சாடையுமாகப் பேசிக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஓடர் உறுதியாகிவிட்டது. அவளுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

ஷிஹாப் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒரு பிளேன்டீயைக் கொடுத்தாள்.

"கோவிச்சுக்கொள்ள வாணாம், தம்பி. ஓடர் கடுதாசி வந்தா நீங்கதான் வாசிச்சு சொல்லணும். ஆனா மெதுவா வாசிங்க. விளங்காட்டி இனி நான் தலையாட்ட மாட்டேன், கேப்பேன்."