ஓரகத்திக்குக் கொடுத்த ரோஜாக்குச்சி

மூத்தவளின் மொட்டைமாடியில் பூக்கும் மஞ்சள் ரோஜாமீது அவள் ஓரகத்திக்கு ரொம்ப நாளாக ஒரு கண். மாமியார் முன்னாலேயே நட்டு வளர்க்க ஒரு குச்சி கேட்டுவிட்டாள்; இல்லையென்று சொல்ல முடியவில்லை. வயிறெரிய ஒரு குச்சியை வெட்டிய மூத்தவள், அதன் அடியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கியெடுத்து, சிரித்த முகமாகக் கொடுத்தாள். இனி அது வேர்விட்ட மாதிரிதான்.

மறுவருஷம் ஓரகத்தியின் பால்கனியில் அதே மஞ்சள் ரோஜா கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. மூத்தவள் கிட்டே போய் ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது எப்படி வந்துச்சு?”

“நீங்க குடுத்த குச்சிதான்க்கா. அடி வெந்துபோயிருந்துச்சு. அதை நறுக்கிப் போட்டுட்டு மேல்பாதியை நட்டேன்.”

ஈரத்துணியில் சுற்றிய ஒரு குச்சியை ஓரகத்தி நீட்டினாள்.

“இந்தாங்க, வெள்ளை ரோஜா. பயப்படாதீங்க, நான் வேகவைக்கல.”